ஐ-864: அப்பா கையெழுத்திட முடியாது, நாத்தனார் இடலாம்

செம்பூர் சகோதரிக்கு வணக்கம். அமெரிக்கக் குடிமகனான கணவரின் சென்ற ஆண்டு வரிக்கணக்கில் வருமானம் குறைவு, உங்கள் குடியேற்ற விசாவுக்கான ஐ-864 படிவத்தில், அதாவது குடியேறுபவரைப் பண வகையில் தாங்குவேன் என்று உறுதி தரும் படிவத்தில், மும்பையிலுள்ள அப்பா பொறுப்பேற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கணவருடன் சேர்ந்து உறுதி தரும் இணைப் பொறுப்பாளர் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் கிரீன் கார்டுடன் இருக்கும் உங்கள் நாத்தனார் பொருத்தமானவர். ஆனால் அவர் ஐ-864 கொடுத்தாலும் கணவரும் தம் பங்குக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நாத்தனாரைக் கேட்குமுன் ஒன்றைப் பாருங்கள். படிவத்தில் எடைபோடப்படுவது இப்போதைய வருமானம். கணவருக்கு ஜனவரியில் நல்ல வேலை கிடைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறுவனத்தின் கடிதமும் அண்மைய சம்பளச் சீட்டுகளும், உங்களையும் சேர்த்த குடும்ப அளவுக்குரிய அமெரிக்க வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீதத்தைக் காட்டினால் அதுவே பெரிய பலம். சற்றுக் குறைந்தால் உங்கள் பெயரிலுள்ள வைப்புத்தொகையையும் சேர்க்கலாம். குடிமகனின் மனைவிக்குப் பற்றாக்குறையைப் போல 3 மடங்கு சொத்து போதும். செம்பூர் வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அதை மறந்துவிடுங்கள்.

நாத்தனாரிடம் ஒன்றை மறைக்காதீர்கள்: விவாகரத்தே ஆனாலும் இந்தப் பொறுப்பு அவரை விடாது.