கேள்வி பதில்: பியாரிட்ஸில் ஜூன் விடுமுறை

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பிரான்சின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பியாரிட்ஸ் நகரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒற்றை வரிக்குச் சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஈசூன் வாசகி: ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாட்கள் பியாரிட்ஸ் போகலாமா என்று யோசிக்கிறோம். பதினான்கு வயது மகளுக்கு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ள ஆசை. மகனுக்குப் பத்து வயது. என் கணவரோ, "அது பணக்காரர்கள் போகும் ஊர், நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார். ஜூன் ஏற்ற மாதம்தானா? பத்து நாட்களை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இடைக்காலத்தில் பியாரிட்ஸ் திமிங்கல வேட்டையை நம்பியிருந்த மீனவர் ஊர். வேட்டைப் படகும் திமிங்கலமும் இன்றும் அதன் நகரச் சின்னத்தில் இருக்கின்றன. 1843ஆம் ஆண்டு அங்கே வந்த விக்டர் ஹியூகோ ஊரின் அழகில் மயங்கி, நாகரிகக் கூட்டத்தின் கண்ணில் இது பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சினார். அடுத்த பதினோரு ஆண்டுகளில் அவர் அஞ்சியது நடந்தது. 1854இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும், ஸ்பெயினில் பிறந்தவரான அவருடைய மனைவி யூஜெனியும் அங்கே வந்து தங்கி, மணற்பரப்பின் ஓரத்திலேயே ஒரு மாளிகை எழுப்பினார்கள். 1903இல் தீக்கிரையாகி மறுபடியும் கட்டப்பட்ட அந்த இடம்தான் இன்று 'ஒத்தெல் து பாலே' என்ற சொகுசு விடுதியாக நிற்கிறது. 1908இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் தம் விடுமுறையை முடித்துக்கொண்டு லண்டன் திரும்ப மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டதால், பிரதமராகப் பதவி ஏற்கவேண்டிய ஆஸ்குவித் மன்னரைத் தேடி இந்தக் கடற்கரைக்குப் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. அரசாங்கத்தையே தம்மிடம் வரவழைத்த விடுமுறை அது!

மறுபாதி 1957இல் தொடங்குகிறது. படப்பிடிப்புக்காக வந்திருந்த ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் பீட்டர் வியர்டெல், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சறுக்குப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு, 'கோட் தே பாஸ்க்' என்னும் கடற்கரையில் அலையேறினார். அதைப் பார்த்த உள்ளூர் இளைஞர்களுக்கும் பித்துப் பிடித்தது. 1959இல் அலைச்சறுக்கு மன்றம் ஒன்றே தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து, பேரரசியின் மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, ஈரத் தலையோடும் வெறுங்காலோடும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொட்டிக் கடை வரிசையில் நிற்கிறவர்களின் ஊராகவும் அது இருந்துவருகிறது. கடலுக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடத்துக்குத்தான் கை கடிக்கும். அதற்கும் வழி உண்டு: பக்கத்து ஊர்களான ஆங்லேயிலோ பயோனிலோ தங்கிக்கொண்டு பேருந்தில் வந்துபோகலாம்.

ஜூன் மாதத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலையில்தான் தொடங்குகிறது. சுமார் 25,000 பேர் வாழும் அந்தச் சிற்றூர் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தாங்க முடியாத கூட்டத்தைச் சுமக்கும். அலையைப் பொறுத்தவரையிலும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஜூன் நல்ல மாதம். அங்கே கரைக்கு வரும் அலைகள் பெரும்பாலும் வட அட்லாண்டிக்கில், பல நூறு, சில சமயம் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் அடிக்கும் புயற்காற்றில் பிறந்து பிஸ்கே விரிகுடாவுக்குள் உருண்டு வருபவை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் புயல்கள் வலுப்பதால் அலையும் வலுக்கும். கோடையில் அவை அடங்கி, இடுப்பளவு, நெஞ்சளவு அலைகளே மிகுதியாக இருக்கும். மலாய்த் தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் ரியாவ் தீவுகளுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் நம் கடலில் அலை உருவாவதற்கு இடமே இல்லை. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நாம் பார்க்கும் சலசலப்பில் கப்பல்கள் கிளப்பிவிடும் சிற்றலைக்கும் பங்குண்டு. அதை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்து அட்லாண்டிக்கே மிரட்டலாகத்தான் இருக்கும்.

தண்ணீர் குளிரும். அப்போது கடல்நீரின் வெப்பம் 19, 20 பாகை அளவில் இருக்கும். நம் கடலின் 29 பாகையில் கால் நனைத்துப் பழகியவர்கள் முதல் நாள் கூச்சலிடுவார்கள். பயிற்சிப் பள்ளிகளில் பலகையோடு வெட்சூட் எனப்படும் ரப்பர் உடையையும் தருவார்கள் என்பதால் இங்கிருந்து வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. குழுவாகக் கற்பிக்கும் ஒரு வகுப்புக்கு 40 முதல் 50 யூரோவரை எடுத்துவையுங்கள். அக்காவோ தம்பியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சண்டை வரும். ஆகவே இருவரையும் சேர்த்துவிடுவதே உத்தமம்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் பயணம் போகுமுன் எக்செல் தாளில் காலை ஒன்பது மணிக்கு இது, பதினொன்றுக்கு அது என்று கட்டம் போட்டுவிடுகின்றன. பியாரிட்ஸில் அந்தத் தாள் முதல் நாளே செல்லாக்காசாகிவிடும். அங்கே நாளை வகுப்பது ஓதம். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தொடும். ஒரு மாடிக்கும் மேலான உயரம் அது. கடல் இறங்கியிருக்கும்போது கோட் தே பாஸ்க்கில் அகலமான, ஈரம் மின்னும் மணல்வெளி விரிந்து கிடக்கும். ஏறிவிட்டால் மணலே இருக்காது, அலை நேராகச் சுவரில் வந்து மோதும். அதனால் அங்குள்ள பயிற்சி வகுப்புகளின் நேரமும் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும். இன்று காலை ஒன்பது மணிக்கு இருந்த நீர்மட்டம் நாளை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித்தான் வரும்.

இதை நான் பாடுபட்டுக் கற்றேன். முதல் முறை போனபோது, சுவரடியில் உலர்ந்த மணலாகப் பார்த்துத் துண்டை விரித்து, செருப்பை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, நூற்றுக்கணக்கான படிகளைப் போலத் தோன்றிய அந்தச் செங்குத்துப் படிக்கட்டில் ஏறிச் சாப்பிடப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கடைசிப் படிகளையே கடல் நக்கிக்கொண்டிருந்தது. துண்டு போன இடம் தெரியவில்லை. ஒரு செருப்பு மட்டும் நுரையில் சுழன்று சுழன்று என்னை நோக்கி வருவதும் போவதுமாக இருந்தது. அருகே நின்ற முதியவர் ஒருவர் பேச்சில்லாமல், சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு ஓத அட்டவணை ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் போன முதல் நாளே அப்படி ஓர் அட்டவணையை வாங்கி, நாளுக்கு ஒரு வகுப்பை அதற்கேற்பப் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானே அமையும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில், இரும்புப் பாலத்தின் வழியாகக் கன்னி மரியாள் சிலை நிற்கும் பாறைக்குப் போனால் காலடியில் அலை வெடிப்பதைப் பார்க்கலாம். 1834இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் 248 படிகளை ஏறினால், வடக்கே தட்டையான மணற்கரையும் தெற்கே பாறைக்கரையும் அந்த முனையிலேயே பிரிவது தெளிவாகத் தெரியும். மகனுக்குக் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் பிடிக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிவிடும் என்பதால் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பயனில்லை. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஒரு நாளை அதற்குக் கொடுங்கள்.

பாரிஸ்வரை நேரடி விமானத்தில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். பிறகு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமான நிலையம் பாரிஸின் வடக்கே, அந்த ரயில் நிலையம் நகரின் தெற்குப் பகுதியில். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் ஓர் இரவு பாரிஸில் தங்குங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: என் பேரன் பள்ளியில் 'ஸ்விம்சேஃபர்' நீச்சல் பயிற்சியில் தேறியவன். அவனை அந்தக் கடலில் தைரியமாக விடலாமா?

பதில்: நீச்சல் குளத்தில் தேறியது நல்ல அடித்தளம், ஐயா. ஆனால் குளத்தில் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. பியாரிட்ஸ் கடலில் அலையாக வந்த நீர் மணல்திட்டுகளுக்கிடையே உள்ள பள்ளங்களின் வழியாகத் திரும்பி ஓடும்போது இழுவை நீரோட்டம் உண்டாகிறது. அதில் சிக்கியவர்கள் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். இதைப் பேரனுக்கு வாயால் சொன்னால் போதாது, தாளில் வரைந்து காட்டுங்கள். கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே நீளும் மணற்கரைகளில், கடல் இறங்கியிருக்கும்போது குழந்தைகள் விளையாட ஏற்ற குட்டை போலத் தோன்றும் பள்ளங்கள் உண்டு. அவற்றை 'பாயின்' என்பார்கள். ஓதம் மாறும்போது அந்த நீர் குறுகிய வாய் வழியே கடலை நோக்கிப் பாயும் என்பதால், பார்வைக்கு மிகவும் சாதுவாக இருக்கும் இடமே ஆபத்தான இடமாகிவிடுகிறது.

உயிர்காப்பாளர்கள் கொடியேற்றியிருக்கும் நேரத்தில், சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவில் மட்டுமே குளிக்கவேண்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. பேரன் சிறியவன் என்றால் 'போர் வியூ' என்னும் பழைய துறைமுகக் குடாவுக்கு அழைத்துப் போங்கள். இருபுறமும் பாறை அணைத்து நிற்பதால் அங்கே கடல் அடங்கியிருக்கும். ஒரு காலத்தில் வேட்டையாடிய திமிங்கலங்களைக் கரைசேர்த்த இடம் அதுதான் என்று சொன்னால் அவன் பாதி நாள் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பான்.

ஜூரோங் மாணவி: பியாரிட்ஸில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

பதில்: அப்படிச் சிலர் எழுதியது உண்மை, மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. பாஸ்க் மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் தாத்தாவுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது எனக்குப் புரிகிறது. அம்மொழியில் 'எச்செ' என்றால் வீடு. 'எச்செயன்' வீட்டில், 'எச்செரா' வீட்டுக்கு, 'எச்செதிக்' வீட்டிலிருந்து. நாம் வேற்றுமை உருபை ஒட்டுவதைப் போலவே அவர்களும் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வினைச்சொல்லும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆனால் இத்தகைய அமைப்பு துருக்கியிலும் ஜப்பானிய மொழியிலும்கூட உண்டு. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உறவாகிவிடா. ஊரில் மிகுதியாகக் காதில் விழுவது பிரெஞ்சுதான். தெருப்பலகைகளில் இரண்டையும் காணலாம், ஊரின் பெயரே பாஸ்க்கில் 'மியாரிட்ஸே'. கடைக்காரரிடம் நன்றி சொல்ல 'எஸ்கெரிக் அஸ்கோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

தெம்பனிஸ் வாசகி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டிவருமா?

பதில்: பட்டினி இல்லை, சலிப்பு வரலாம். பாஸ்க் சமையல் மீன், பன்றித் தொடை இறைச்சி, கன்றிறைச்சி என்று போகும். முட்டை சேர்ப்பவர்களானால் தக்காளி, வெங்காயம், பச்சைக் குடமிளகாய் சேர்த்து வதக்கிய 'பிப்பெராத்' கிடைக்கும், இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடவேண்டும். சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்து, காலையில் நகரச் சந்தையில் காய்கறியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கறுப்புச் செர்ரி ஜாமும் வாங்கிக்கொள்வது நல்லது. எஸ்பெலெத் என்ற ஊரின் மிளகாய்த்தூள் அங்கே பெரும் புகழ் பெற்றது, வாங்குங்கள். ஆனால் அதன் உறைப்பு நம் நாக்குக்கு எட்டவே எட்டாது. மணத்துக்காகத்தான் அது. ஊறுகாய்ப் புட்டி இங்கிருந்தே வரட்டும்.

செங்காங் வாசகர்: நான் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவன். விசா வேண்டுமா?

பதில்: வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் உங்கள் நண்பர்கள் 180 நாட்களில் 90 நாட்கள்வரை விசா இல்லாமல் தங்கலாம். உங்களுக்கு, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன் பயணத்துக்கு மே மாதத்தில் ஓடாதீர்கள்.

பொங்கோல் வாசகர்: இதெல்லாம் எங்கள் வசதிக்கு மீறியது. அலைச்சறுக்கு கற்க அருகில் வேறு இடம் இல்லையா?

பதில்: இருக்கிறது, அதுவும் தமிழ் பேசியே காலம் தள்ளக்கூடிய இடம். இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பை, உலகெங்குமுள்ள அலைச்சறுக்கர்கள் தேடி வரும் குடா. மே முதல் செப்டம்பர்வரை அங்கே பருவம் என்பதால் நம் ஜூன் விடுமுறை அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கொழும்பிலிருந்து சாலை வழியாக ஏழு, எட்டு மணி நேரம் ஆகும் என்பது ஒன்றுதான் குறை. பேரரசி கட்டிய மாளிகை அங்கே கிடையாது. தண்ணீர் இதமாக இருக்கும், ரப்பர் உடை வேண்டாம், இடியப்பமும் சொதியும் கிடைக்கும். ஓத வேறுபாடும் ஒரு மீட்டரைத் தாண்டாது என்பதால், செருப்பைக் கரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.