பிசினஸ் செய்ய மேலிடத்துல ஆள் வேணுமா? உங்க கேள்விகளுக்கு அக்காட பதில்

புறக்கோட்டையில மொத்த வியாபாரம் செய்ற தம்பி: அக்கா, ஆளும் கட்சியில ஆள் இல்லாம கொழும்புல பெரிசா வளர ஏலுமா?

ஏலும் தம்பி, ஆனா என்ன பிசினஸ் எண்டதப் பொறுத்தது. வெளிநாட்டுக்கு உடுப்பு தைச்சு அனுப்புறவர்கிட்ட வாங்குறவங்க பாக்குறது தையலையும் சொன்ன திகதிக்கு சாமான் வந்துச்சா எண்டதையும்தான். லைசன்ஸ், டெண்டர், இறக்குமதி வரி, அரசாங்க காணி இதுகள நம்பி ஓடுற பிசினஸுக்குத்தான் ஆள் தேவைப்படுது. 2020 ஒக்டோபர்ல இறக்குமதி செய்ற சீனிக்கான விசேட பண்ட வரிய கிலோவுக்கு 50 ரூபாயில இருந்து 25 சதத்துக்கு இறக்கினாங்களே, கடையில விலை அந்தளவுக்கு குறையவேயில்ல. அதப் பாத்த வியாபாரிக்கு நல்ல சாமான் இறக்குறதவிட அடுத்த வர்த்தமானியில என்ன வரப்போகுது எண்டு முந்தியே தெரிஞ்சுகொள்றதுலதான் காசு எண்டு மனசுல விழுந்துடும், கெட்டிக்காரப் பிள்ளைகள்ட மூளையெல்லாம் மினிஸ்ட்ரி வாசல்ல செலவாகுது, எனக்கு அதுதான் தாங்கேலாம இருக்கு.

வெள்ளவத்தை தங்கச்சி: அப்ப இது பேராசையா அக்கா?

பெரிய ஆக்களுக்கு ஆசை, சின்ன ஆக்களுக்கு அநேகமா பயம். 83 ஜூலையில இதே கொழும்புல கடை எரிஞ்ச குடும்பங்கள் இருக்கு, அவங்க ஒரு எம்பிய தெரிஞ்சு வச்சிருக்கிறது லாபத்துக்கு எண்டு நான் சொல்லவே மாட்டேன். சட்டம் காப்பாத்தாத இடத்துல மனுசர் ஆளத் தேடுவாங்க.

கொட்டாஞ்சேனை அண்ணா: செல்வாக்கு இருந்தா லாபம் எண்டதுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல ஊர்க் கதையா?

இருக்கு அண்ணா. பாகிஸ்தான்ல 1996 தொடக்கம் 2002 வரைக்குமான லோன் கணக்க எடுத்து க்வாஜா, மியான் எண்டு ரெண்டு பேர் ஆராய்ஞ்சாங்க. டைரக்டர்மார்ல ஒரு அரசியல்வாதி இருந்த கம்பனிகளுக்கு 45 வீதம் கூட கடன் கிடைச்சிருக்கு, திருப்பிக் கட்டாம விட்டதும் 50 வீதம் கூட. இந்தச் சலுகை அரச வங்கிகள்ல மட்டும்தான், தனியார் வங்கிகள்ல இல்ல! மற்றப் பக்கமும் இருக்கு: இந்தோனேசியாவுல ஜனாதிபதியா இருந்த சுகார்த்தோவுக்கு சுகமில்ல எண்டு கதை பரவினாலே அவருக்கு நெருக்கமான கம்பனிகள்ட பங்கு விலை மற்றதுகளவிட கூட விழுந்துச்சு. ஆள் போனா பிசினஸும் ஆடும், அதால அடுத்த ஆளுக்கு இப்பவே காசு கட்டோணும், அந்தச் செலவு முடியாது.

தெஹிவளை தம்பி: டெண்டருக்கு போட்டிருக்கேன், ஒருத்தர் வந்து கம்பனியில பங்கு தந்தா எடுத்துத் தாறேன் எண்டுறார்.

குடுக்காதீங்க. அது இலஞ்சம், குடுக்கிற உங்களுக்கும் குற்றம்தான். அவர் சொன்னத எழுதி வச்சுக்கொண்டு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுட 1954 எண்ட நம்பருக்கு கோல் எடுங்க. டெண்டர் வேற ஆளுக்குப் போனா 2016 தகவல் உரிமைச் சட்டத்துல எப்படித் தெரிவு செஞ்சாங்க எண்டு எழுத்துல கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள தாறாங்களா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும், தரமாட்டம் எண்டா மேன்முறையீடு செய்யலாம்.