டயல்-அப் காலத்துக் கன்சோல் கேம்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, போன் லைனில் ஆடிய முதல் கன்சோல் சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட்தானே?

பதில்: இல்லை தம்பி, அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 1983-இல், அமெரிக்காவில் அட்டாரி 2600-க்கு கேம்லைன் வந்துவிட்டது. கேசட் போலவே செருகும் மோடம் (போன் லைனில் டேட்டா அனுப்பி வாங்கும் கருவி), போன் வயரை மாட்டினால் கேம் இறங்கும், சில தடவை ஆடியதும் தீர்ந்துவிடும், மறுபடி காசு. அந்த வருடம் வீடியோ கேம் வியாபாரமே சரிந்ததில் இதுவும் படுத்துவிட்டது. அந்த கம்பெனியின் மிச்சத்திலிருந்து எழுந்ததுதான் ஏஓஎல் என்ற பெரிய இன்டர்நெட் கம்பெனி.

கேள்வி: சேகா ஜெனிசிஸ் கன்சோலின் கேம்களில் ஆன்லைன் வசதியே கிடையாதே, எக்ஸ்பேண்டில் மட்டும் எப்படி ஆடினார்கள்?

பதில்: இதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன்! 1994 கடைசியில் கேட்டபல்ட் என்ற கம்பெனி கொண்டுவந்த மோடம் அது. கன்சோலில் மோடம், மோடத்தின் தலையில் கேசட். கேம் ஓடும்போதே மோடம் அதன் புரோகிராமில் கைவைத்து, இரண்டாவது கன்ட்ரோலரின் இடத்தில் போன் லைனை உட்கார வைத்துவிடும். படம், சத்தம் எதுவும் லைனில் போகாது, யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 2400 பிட், நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்), ஆக ஒரு ஃபிரேமுக்கு 40 பிட். ஜெனிசிஸின் பழைய கன்ட்ரோலருக்கோ நாலு திசை, ஏ, பி, சி, ஸ்டார்ட் என்று எட்டு பிட் போதும். இரண்டு வீட்டிலும் ஒரே கேம் தனித்தனியாக ஓடும், ஒரு ஃபிரேம் பிசகினாலும் இங்கே நடப்பது வேறு, அங்கே நடப்பது வேறு. இதை ஒவ்வொரு கேமாகப் பிரித்து மேய்ந்து செய்தார்கள் பாருங்கள், அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: எல்லாம் சர்வர் வழியாகத்தானா?

பதில்: சர்வர் ஜோடி சேர்த்துவிடுவதோடு சரி. அப்புறம் ஒரு கன்சோல் இன்னொன்றின் வீட்டுக்கே நேராக போன் போடும். அதனால் உள்ளூர் ஆள் கிடைத்தால் செலவு குறைவு, தூரத்து ஊர் என்றால் போன் பில் எகிறும். நடுவில் வீட்டில் யாராவது அடுத்த அறை ரிசீவரை எடுத்தால் ஆட்டம் காலி.

கேள்வி: எக்ஸ்பேண்டை எப்போது மூடினார்கள்?

பதில்: 1997-இல். அதற்குள் பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64 எல்லாம் வந்து, ஜெனிசிஸ் போன்ற 16 பிட் கன்சோல்களின் காலம் முடிந்துவிட்டது.

கேள்வி: என்னிடம் ட்ரீம்காஸ்ட் இருக்கிறது, லேண்ட்லைன் இல்லை. வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு யுஎஸ்பி மோடம், அதில் ட்ரீம்பை என்ற இலவச மென்பொருள். கன்சோல் நம்பர் போடும், எதிர்முனையில் எக்ஸ்சேஞ்ச் மாதிரி டயல் டோன் கொடுத்து பை எடுத்துப் பேசும், அங்கிருந்து உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குப் போய்விடும். சேகாவின் சர்வர்கள் என்றோ போய்விட்டன, ஆனால் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் என்ற ட்ரீம்காஸ்ட் கேமுக்கு ரசிகர்களே சர்வர் நடத்துகிறார்கள். யுஎஸ்பி மோடம் வாங்கும்போது வாய்ஸ் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாவிட்டால் டயல் டோன் வராது. ட்ரீம்காஸ்டின் மோடம் கழற்றி மாட்டக்கூடியது என்பதால், முதலில் உங்கள் கன்சோலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை ஆர்டர் பண்ணுங்கள்.