வட்டிப் பணமும் கூட்டாளிப் பணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிதித்துறை வளர்ந்தால்தான் புதிய தொழில்நுட்பம் வரும், நாடும் வளரும் என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருக்கிறேன். கடன் இலக்கு வருஷா வருஷம் ஏறுகிறது. ஆனால் கொடுப்பதெல்லாம் நகைக்கடன், வீட்டுக்கடன், வாகனக்கடன்தான். புதிதாக ஒரு கருவி செய்யப்போகிறேன் என்று வந்தவர்களைத் திருப்பித்தான் அனுப்பியிருக்கிறோம். பிறகு நிதி வளர்ந்து என்ன பயன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திருப்பி அனுப்பியது சரிதான். உங்கள் கையில் இருப்பது டெபாசிட் போட்டவர்களின் பணம். அந்தக் கருவி அமோகமாக விற்றாலும் உங்களுக்கு வட்டிதான். தோற்றால் அசலே போய்விடும். இந்தக் கணக்குக்கு எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

நான் நிதி வளர்ச்சி என்றது கடன் தொகை ஏறுவதை அல்ல. தோல்வியையும் லாபத்தையும் சேர்த்தே பங்கு போட்டுக்கொள்ளும் பணம் ஒரு ஊரில் கிடைக்கிறதா என்பதைத்தான்.

ஜேம்ஸ் வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டில் கொதித்தது, நீராவி எந்திரம் பிறந்தது என்று பள்ளியில் சொல்லும் கதையில் பணம் என்ற பேச்சே வராது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் யோசனை அவருக்கு 1765-இல் வந்தது. விற்கத்தக்க எந்திரம் ஓடியது 1776-இல். நடுவில் கால்வாய்களுக்கு நிலம் அளந்து குடும்பம் நடத்தினார். ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் அவருடைய கடன்களை ஏற்றுக்கொண்டு, 1769 காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1773-இல் அவரே திவாலானார். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் யாரும் அந்தப் பங்கைச் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை. பர்மிங்காமில் பொத்தானும் பக்கிளும் செய்துகொண்டிருந்த மேத்யூ போல்டன், தனக்கு வரவேண்டிய 1,200 பவுண்டுக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டார். 1775-இல் பாராளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க அவகாசம் கிடைத்துவிட்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய எந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்றார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களுக்குக் கரி கடல் வழியாக வரவேண்டும், விலை அதிகம். சுரங்க முதலாளிகள் ஒத்துக்கொண்டார்கள். அந்த வரவைக் காட்டித்தான் அங்கிருந்த ட்ரூரோ ஊர் வங்கியில் கடன் வாங்க முடிந்தது. வங்கி வந்தது கடைசியில்தான். ஆனால் வரவேண்டிய நேரத்தில் வந்தது.

அமெரிக்காவில் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனம் தொடங்கியதும் இப்படித்தான். ஜார்ஜ் டோரியோவின் முதலீட்டு நிறுவனம் 70,000 டாலர் போட்டுப் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. பிறகு அது பல நூறு மடங்காகத் திரும்பியது.

இங்கே 2016-இல் மத்திய அரசு 10,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்றை அறிவித்து, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி மூலமாக, புதிய நிறுவனங்களில் பங்கு எடுத்துப் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதிகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. வழி சரிதான். ஆனால் துணிகர முதலீட்டாளர்களுக்குச் செயலி என்றால் இருக்கும் ஆசை, லேத்தில் கடைந்து செய்யும் கருவி என்றால் இருப்பதில்லை.

உங்களிடம் வந்தவர் அடுத்த முறை கையில் ஒரு ஆர்டரோடு வந்து நடைமுறை மூலதனக் கடன், அதாவது அந்த ஆர்டரைச் செய்துமுடிக்க ஆகும் செலவுக்கான கடன் கேட்டால், அப்போது திருப்பி அனுப்பாதீர்கள்.