பந்தைக் கொடுத்துவிட்டு அமர்ந்திருப்பவர்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள். ஒன்றைக் கணித ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். மற்றொன்றில் பி.டி. மாஸ்டர் பையன்களிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உடற்கல்விக்கும் பொதுத்தேர்வு வைத்தால்தான் இது மாறும் என்பது என் எண்ணம். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

நான் படித்த பள்ளியிலும் அந்த மரத்தடி இருந்தது. ஆனால் நாற்காலியில் இருப்பவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் அவருடைய நாளைப் பார்க்க வேண்டும். இறைவணக்கத்துக்கு வரிசை அமைப்பது, தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்துவது, முடிவெட்டாத பையன்களைப் பிடிப்பது என்று பள்ளியின் காவல் வேலை முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் பதினைந்து பிள்ளைகளோடு வெளியூர் போய்விடுவார். அவர் கொண்டுவரும் கோப்பையை வைத்தே பள்ளி அவரை மதிப்பிடுகிறது. மீதியுள்ள நூற்றுக்கணக்கானோருக்கு என்ன கற்பித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சட்டமும் அவரை அப்படித்தான் பார்க்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. கணிதத்துக்கு ஆசிரியர், இதற்குப் பயிற்றுநர், அதுவும் பகுதிநேரம். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பேர் நியமிக்கப்பட்டபோது, வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் தரப்பட்டது. இத்தனைக்கும், 1920இலேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் உடற்கல்விக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கியது இதே தமிழ்நாட்டின் சென்னையில்தான்.

இனி அந்த ஒரு பாடவேளை. நாற்பது நிமிடங்களில் மைதானத்துக்கு வந்து சேர்வதற்கும் திரும்புவதற்கும் போக இருபத்தைந்து மிஞ்சும். இரண்டு பிரிவுகளைச் சேர்த்து அனுப்பினால் எண்பது பிள்ளைகள், இரண்டு வாலிபால்கள். வரிசையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஒரு குழந்தையின் கைக்குப் பந்து ஒருமுறை வருவதே அரிது. நன்றாக ஆடும் பத்துப் பேரிடம் பந்து போய்ச் சேர்வது இதனால்தான். ஒரு பந்தும் இல்லாமல் கபடியில் பதினான்கு பேரும் கோ-கோவில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கலாம்; நான்கு களங்கள் போட்டால் மரத்தடியில் மிஞ்சுபவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் நான்கு களங்களையும் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய நியாயம். பெண்பிள்ளைகளுக்கோ உச்சிவெயிலும் துப்பட்டாவும் தண்ணீரில்லாத கழிப்பறையும் சேர்ந்துகொள்கின்றன. ஆர்வமில்லை என்று ஆசிரியர் சொல்வதில் பாதி இவற்றால் வந்தது. மீதிப் பாதிக்கு அவரேதான் பொறுப்பு. அழைத்துப் பார்க்காமலே அவர்களை விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை.

பொதுத்தேர்வில் எனக்கு உடன்பாடில்லை. வாலிபால் மைதானத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர் என்று நோட்டில் எழுதிப்போடுவார்கள். பந்தை வலைக்கு மேல் அனுப்பத் தெரியாத பிள்ளையும் நூற்றுக்கு நூறு வாங்கும். இருக்கும் ஒரு பாடவேளையும் வகுப்பறைக்குள் போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த கூட்டத்தில், சென்ற மாதம் எட்டாம் வகுப்புக்கு எத்தனை விளையாட்டுப் பாடவேளைகள் உண்மையில் நடந்தன, எத்தனை கணிதத்துக்குப் போயின என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், பி.டி. மாஸ்டரிடம் அல்ல. பாடவேளையைக் கடன் கொடுக்க மறுக்கும் அதிகாரம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.