வளாகப் பசுமை வேலைக்கு மாணவர்களை எடுப்பது: கேள்வி பதில்

மோக்கா பக்கம் ஒரு வளாகத்தில் கான்டீன் கழிவை உரமாக்கும் வேலைக்குப் பயிற்சி மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவன் நான். மொரீஷியஸின் மற்றக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகள் இவை, முன்னால் இருப்பது கேட்ட கல்லூரியின் ஊர்.

ரோஸ்ஹில்: நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டாம் வாரமே ஆளைக் காணோம். ஏன்?

அறிவிப்பில் என்ன எழுதினீர்கள்? 'பூமியைக் காக்க வாருங்கள்' என்றால் எல்லோரும் வருவார்கள், வாளியைத் தூக்கச் சொன்னதும் நழுவுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'செவ்வாய், வியாழன் பகல் 2 மணிக்குக் கான்டீன் வாளிகளை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். நாற்றம் இருக்கும். வாரம் 6 மணி நேரம்.' கொஞ்சம் பேர்தான் வருவார்கள். அவர்கள் நிற்பார்கள்.

காத்ர்போர்ன்: சுற்றுச்சூழல் படிப்பவர்களை மட்டும் எடுக்கலாமா?

வேண்டாம். எடைக் கணக்குக்குக் கணக்கியல் மாணவர்தான் தோது. நேர்காணலும் வேண்டாம், ஒரு காலை வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை போடுகிறோம். இலை குறைந்தால் குவியல் நசநசத்து நாறும். சரியாகப் போட்டால் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். "ஏன் இவ்வளவு இலை?" என்று கேட்கிறாரா, இல்லை போனைப் பார்க்கிறாரா? அதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

குர்ப்பிப்: சம்பளம் தரப் பணமில்லை. சான்றிதழ் போதாதா?

போதாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள், மற்றவர்கள் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். பஸ் காசு தருகிறோம் என்றும் சொல்லாதீர்கள், இங்கே மாணவர்களுக்கு 2005 முதல் பஸ் இலவசம். சிறு தொகையாவது கொடுங்கள். முடியாவிட்டால் துறையிடம் பேசிப் பாட மதிப்பெண்ணில் சேர்க்கப் பாருங்கள். மதியச் சாப்பாடு எப்படியும் உண்டு என்று வையுங்கள்.

மாஹெபூர்: எந்த மாதம் ஆளெடுப்பது நல்லது?

ஆகஸ்ட், பாடங்கள் தொடங்கும்போதே. நவம்பரில் தேர்வுப் பரபரப்பு, புயல் காலமும் அப்போதே ஆரம்பம். அப்புறம் தைப்பூசக் காவடி: நம் பிள்ளைகள் பத்து நாள் விரதமிருப்பார்கள். அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே மாற்று ஆள் வையுங்கள்.

ரோஸ்ஹில்: பிளாஸ்டிக்குக்குத்தான் தடை வந்துவிட்டதே, அதற்கும் ஆள் வேண்டுமா?

பிளாஸ்டிக் பைகளுக்கு 2016-இல், ஒருமுறை பயன்படுத்தும் பெட்டி, ஸ்பூன்களுக்கு 2021-இல் தடை வந்தது. ஆனாலும் உங்கள் குப்பைத்தொட்டியில் என்ன விழுகிறது என்பதைக் கொட்டிப் பார்த்தால்தானே தெரியும்? மிச்சமெல்லாம் மார் ஷிகோஸ் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. ஒரு வாரம் பிரித்து எடை போடச் சொல்லுங்கள். கணக்குத் தாளைக் கான்டீன்காரரிடம் அந்த மாணவரே கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், போதும்.