ஊர் நினைப்பு பலவீனமா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் மெல்போர்னில், டாண்டினாங் பக்கம் இருக்கிறேன். பூர்வகுடி ஆட்டக்காரர் சிரில் ரியோலி 28 வயதிலேயே ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆடுவதை விட்டுவிட்டு டார்வினுக்குத் திரும்பியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்கார நண்பர் வீட்டில் ஒரு பையன் தங்கியிருக்கிறான். 18 வயது. வடக்கே டார்வினுக்கு அப்பால் கடலில் இருக்கும் திவி தீவுகளின் பூர்வகுடிப் பிள்ளை. ஒரு கிளப் அவனை டிராஃப்டில் (கிளப்கள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) எடுத்து இந்தக் குடும்பத்தோடு தங்க வைத்திருக்கிறது. நவம்பரில் வந்தான். தங்கமான பிள்ளை, ஆனால் வாயே திறப்பதில்லை. சாப்பிட்டதும் அறைக்குள் போய்விடுவான். ஏதாவது கேட்டால் கீழே பார்த்தபடி 'ம்' என்பதோடு சரி. மூன்று மாதத்தில் இரண்டு முறை செத்தவீடு என்று ஊருக்குப் போனான். இரண்டாவது முறை சொன்ன நாளில் திரும்பி வரவில்லை. இறந்தவர் அவனுக்குப் பெரியப்பா முறையாம், கூடப்பிறந்த பெரியப்பாகூட இல்லையாம். நண்பரும் மனைவியும் கவலையில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வாய்ப்பைக் கைவிட்டுவிடுவானோ என்கிறார்கள்.

நானும் 19 வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், நிமிர்ந்தேன். இந்தப் பிள்ளைகளால் மட்டும் ஏன் முடிவதில்லை? கிளப்பும் வீடும் சாப்பாடும் சம்பளமும் கொடுத்த பிறகு இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? பிழையாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

அன்புடன்,
டாண்டினாங்கிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் செத்தவீட்டுக்குப் போக முடியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். உங்களுக்கு அன்று வழி அடைபட்டிருந்தது. வழி இருந்திருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள், கொள்ளி வைத்திருப்பீர்கள், எட்டு முடியும் வரை இருந்திருப்பீர்கள். வேலை போய்விடும் என்று யாராவது மிரட்டியிருந்தாலும் போயிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பையனுக்கு வழி இருக்கிறது, அதனால் போகிறான். உங்களை இத்தனை ஆண்டுகளாக வருத்தும் ஒரு இழப்பை அவனுக்கு மனஉறுதியின் அளவுகோலாக வைக்காதீர்கள்.

அடுத்து, 'கூடப்பிறந்த பெரியப்பாகூட இல்லை' என்றது. இதை ஆங்கிலத்தில் விளக்குவதை விட நம் மொழியில் விளக்குவது எளிது. பல ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் மொழிகளில் அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. மாமன் மகளும் அத்தை மகளும் வேறு முறை. நாம் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று சொல்வதற்குள் இருக்கும் அதே கணக்கு. மானிடவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தென்னிந்திய உறவுமுறையையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உறவுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி வருகிறார்கள். ஆனால் விடுப்புப் படிவத்தில் 'நெருங்கிய குடும்பத்தினர்' என்றால் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்றுதான் இருக்கும். உங்கள் நண்பருக்கு அது 'தூரத்து அங்கிள்'. பையனுக்கு அவர் அப்பா. டாண்டினாங்கில் இதைச் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள்தான். நண்பருக்கு நீங்களே சொல்லுங்கள்.

பூர்வகுடி மக்கள் துக்க காலத்தை 'சாரி பிசினஸ்' (Sorry Business) என்பார்கள். அடக்கம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. சில சமூகங்களில் சடங்குகள் வாரக்கணக்கில் நீளும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் முறைப்படி வகுக்கப்பட்டிருக்கும். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது என்ற வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஒருவன் போகாவிட்டால் அவன் குடும்பமே தலைகுனிய வேண்டியிருக்கும். 'சொன்ன நாளில் வரவில்லை' என்றால், அந்த நாளைச் சொன்னது அவனா, டிக்கெட் போட்ட கிளப்பா என்று பாருங்கள்.

மூன்று மாதத்தில் இரண்டு சாவா என்று நண்பருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். பொய் சொல்கிறானோ என்றுகூட நினைத்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களின் சராசரி ஆயுள் மற்றவர்களை விட இன்னும் சுமார் 8 ஆண்டு குறைவு. உறவு வட்டம் பெரியது, ஆயுள் குறைந்தது. 18 வயதுக்குள் அவன் பார்த்த சாவுகளை உங்கள் நண்பர் 50 வயதிலும் பார்த்திருக்க மாட்டார்.

சரி, மனஉறுதிக்கு வருகிறேன். சிரில் ரியோலி மெல்போர்னுக்கு விடுதிப் பள்ளிப் பிள்ளையாக வந்தபோது வயது 14. ஹாதார்ன் கிளப்புக்காக 189 ஆட்டங்கள், 2008, 2013, 2014, 2015 என்று நான்கு கோப்பைகள். 2015 இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்குத்தான். 2018-இல் கிளம்பினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருந்தது. 14 வயதில் வந்தவர் 28 வயதில் போனார். வாழ்ந்த வாழ்வில் சரிபாதியை 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் கழித்த ஒருவரிடம் மனஉறுதி இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. என் கட்டுரையில் இதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் குறைதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்களும் நானும் வேறொரு நாட்டுக்கு வந்தோம். இந்தப் பையன் எந்த நாட்டுக்கும் வரவில்லை. இது அவர்கள் நாடு. 'உன் நன்மைக்காகத்தான்' என்று சொல்லிப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் மிஷன்களிலும் விடுதிகளிலும் வெள்ளைக்கார வீடுகளிலும் வளர்த்தது 1970 வாக்கில் வரைக்கும் அரசின் கொள்கையாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகளைத்தான் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்கிறார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது அதற்காகத்தான். எசன்டன் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் மைக்கேல் லாங்கின் அப்பா, அம்மா இருவருமே அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள். கிளப் ஆள் ஒருவர் நல்ல மனதோடு வந்து 'பையனை எங்களோடு அனுப்புங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும்போது, அந்தப் பையனின் பாட்டி காதில் என்ன விழும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் அனுப்பி வைக்கிறாள் என்றால் அது சின்ன நம்பிக்கை இல்லை.

வீடும் சாப்பாடும் சம்பளமும் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. டக் நிக்கல்ஸ் என்ற பூர்வகுடி இளைஞர் 1927-இல் கார்ல்டன் கிளப்பில் சேர வந்தார். அவர் நிறத்தைக் காரணம் காட்டி, அவருக்கு உடம்பு பிடித்துவிட மறுத்தார்கள். கிளம்பிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு வந்தபோதும் உடைமாற்றும் அறையில் ஒதுங்கி ஓரமாகத்தான் உட்கார்ந்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் ஹேடன் பன்டன் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு அங்கேயே உடைமாற்றிக்கொண்டார். நிக்கல்ஸ் அந்தக் கிளப்புக்கு நன்றாக ஆடினார். பிற்காலத்தில் சர் பட்டம் பெற்று 1976-இல் தென் ஆஸ்திரேலிய மாநில ஆளுநரும் ஆனார். இன்று ஆண்டுதோறும் ஏஎஃப்எல் (ஃபுட்டியின் தேசிய லீக்) நடத்தும் பூர்வகுடிச் சுற்றுக்கு அவர் பெயர்தான். இரண்டு கிளப்பிலும் அவர் அதே மனிதர்தான், அதே கால்கள்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, எழுந்து நகர்ந்தவர் பன்டன் என்பது.

இன்று ஏற்பாடுகள் எவ்வளவோ பெருகிவிட்டன. கிளப்களில் பூர்வகுடி ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள் இருக்கிறார். ஆட்டக்காரர்கள் சங்கம் அவர்களுக்குத் தனி முகாம் நடத்துகிறது, கிளப்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டி நெறிகளும் போட்டிருக்கிறது. பெர்த்தில் 2000-இல் ஜெரார்ட் நீஷம் தொடங்கிய கிளான்டார்ஃப் அறக்கட்டளை, ஃபுட்டியைக் காட்டிப் பையன்களைப் பள்ளிக்கூடத்தில் தக்கவைக்கிறது. இவ்வளவும் இருந்தும், 2020-இல் ஏஎஃப்எல் கிளப்களில் 87 ஆக இருந்த பூர்வகுடி ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் 70-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு கிளப்கள் ஆட்டக்காரர் பட்டியலைச் சுருக்கியது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

ஏன் என்றால் மைதானத்தில் அவர்களுக்கு நடப்பது இன்னும் நின்றபாடில்லை. 1993 ஏப்ரல் 17 அன்று காலிங்வுட் ரசிகர்கள் இழிவாகக் கத்தியதற்கு, எதிரணியில் ஆடிய பூர்வகுடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார் சட்டையைத் தூக்கித் தன் கறுத்த தோலைச் சுட்டிக் காட்டினார். 1995-இல் மைக்கேல் லாங் விட்டுக்கொடுக்காமல் நின்றதால் இன இழிவுப் பேச்சுக்கு எதிரான விதி வந்தது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வென்ற ஆடம் குட்ஸை 2013 முதல் 2015 வரை மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு ஊளையிட்டு வெளியேற வைத்தார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்க ஏஎஃப்எல்லுக்கு 2019 வரை ஆனது. 2023 மார்ச்சில், டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமாரா உகல்-ஹேகன் அதே போலச் சட்டையைத் தூக்கி நின்றபோது அவருக்கு 20 வயது. முந்தைய வாரம் ஒரு ரசிகர் அவரை அவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தார். வின்மாருக்கும் இவருக்கும் இடையில் 30 ஆண்டுகள். உங்கள் நண்பர் வீட்டுப் பையன் கைபேசியோடு அறைக்குள் போகிறானே, அதில் அவனுக்கு என்னென்ன செய்திகள் வருகின்றன என்று யாராவது அன்பாகக் கேட்டுப் பார்த்தார்களா? அவன் காட்டினால், அதைக் கிளப்பிடம் கொண்டுபோகும் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் தலையில் விடக் கூடாது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். முகத்தைப் பார்க்காமல் பேசுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பூர்வகுடிச் சமூகங்களில் மூத்தவர்களை நேருக்கு நேர் பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு. கேள்வி மேல் கேள்வி கேட்பதும் அப்படித்தான். திவி தீவுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் மொழி திவி, ஆங்கிலம் பள்ளியில் வந்தது. நாள் முழுக்க அந்நிய மொழியில் கோச் சொல்வதைக் கவனித்துவிட்டு வருகிறவன் சாப்பாட்டு மேசையிலும் நேர்காணல் கொடுக்க வேண்டுமா? நீங்கள் வந்த புதிதில் ஆங்கிலம் பேசிப் பேசித் தாடை வலித்த மாலைகள் நினைவிருக்கும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் இருந்து பேசச் சொல்லுங்கள். காரில் போகும்போது, மோர்டியலாக் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு. தீவுப் பையன், தூண்டிலைக் கையில் கொடுத்தால் தானாகப் பேசுவான். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

'ஷேம்' என்று அவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கில அர்த்தத்தை விடப் பெரியது. கூட்டத்தில் ஒருவனைத் தனியாகப் பிரித்து நிறுத்தினாலே, திட்டுவதற்கானாலும் பாராட்டுவதற்கானாலும், அந்தக் கூச்சம் அவனைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்து வீடியோ போட்டு எல்லார் முன்னாலும் 'நீ ஏன் இங்கே ஓடவில்லை' என்று கேட்பது கிளப்களில் தினப்படி நடப்பது. இந்தப் பையனுக்கு அதைத் தனியாக, மெதுவாகச் சொன்னால் ஒரு முறையிலேயே பிடித்துக்கொள்வான். நண்பர் கிளப்பில் சொல்லலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும். முதல் சம்பளம் வந்ததும் ஊரிலிருந்து உறவுகள் கேட்பார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் இதற்கு 'ஹம்பக்' என்று பெயர். வைத்திருப்பவன் பகிர வேண்டும் என்பது அங்கே கடமை. 'அவர்களை விட்டு விலகு' என்று அறிவுரை சொன்னால் விலகுவது உங்கள் நண்பரிடமிருந்துதான். நீங்களும் முதல் சம்பளத்திலிருந்தே ஊருக்கு அனுப்பியவர்தானே. எவ்வளவு அனுப்புவது, எவ்வளவு மிச்சம் பிடிப்பது, இல்லை என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கற்றதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். கிளப்பின் நிதி ஆலோசகரை விட உங்கள் பேச்சு அவனுக்கு நன்றாகப் புரியும்.

எசன்டனுக்கு ஆடிய அந்தோனி மெக்டொனால்ட்-டிபுங்வுட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் திவி தீவில் பிறந்தவர். பதின்வயதில், ஆங்கிலம் சரியாக வராத நிலையில், விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துக்கு வந்தார். அங்கே ஒரு பெண்மணி அவரைத் தன் வீட்டில் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆண்டுகளிலும் அந்த வீடு அவருக்கு இருந்தது. அந்த அம்மாவின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார், டிபுங்வுட்டியையும் விடவில்லை. 

கடைசியாக, நண்பருக்கு ஒரு யோசனை. மார்ச் மாதத்தில், திவி தீவுகளில் ஒன்றான பாதர்ஸ்ட் தீவில் திவி லீகின் இறுதிப் போட்டி நடக்கும். வடக்கே மழைக்காலத்தில்தான் ஃபுட்டி சீசன், மழை ஓயும்போது கோப்பை. சில ஆயிரம் பேரே வாழும் தீவுகளில் அன்று எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள். வழக்கமாக வெளியார் போக அனுமதிச்சீட்டு வேண்டும், அந்த ஒரு நாள் வேண்டாம். டார்வினிலிருந்து 80 கிலோமீட்டர், படகு இருக்கிறது, சிறு விமானமும் உண்டு. ஏஎஃப்எல் சீசன் அப்போது தொடங்கியிருக்கும் என்பதால் பையனால் வர முடியாது. ஆனால் அவன் அம்மாவும், பாட்டியும், மீதமிருக்கும் அப்பாக்களும் அங்கே இருப்பார்கள். நண்பரும் மனைவியும் போய் அவர்களோடு புல்தரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட்டு வரட்டும். போகும் முன், அம்மாவுக்கு இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.